கணபதி ஸ்தபதி அடுக்கிய வள்ளுவர்

கன்னியாகுமரியில் வள்ளுவர் பாறைக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு முகம் முழுசாகச் சட்டகத்துக்குள் வரும்வரை பின்னாலேயே நகர்ந்து போய் யார் மேலாவது முட்டிக்கொள்கிறார்கள். நானும் முட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே பார்க்கவேண்டியது முகத்தைவிடக் கீழே இருக்கிறது. பீடத்துக்குள் 140 படி ஏறினால் வள்ளுவரின் பாதத்தருகே வந்து சேரலாம். அங்கிருந்து பார்வையை வேட்டி மடிப்பு வழியாக மெல்ல மேலே ஓட்டுங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். விரிசல் என்று பயப்பட வேண்டாம், கல்லோடு கல் சேருகிற இடங்கள் அவை. எதிரே நிற்பது ஒரே கல்லில் செதுக்கிய ஆள் அல்ல என்பது அப்போதுதான் உறைக்கும். 3,681 கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் மாதிரித் தெரியவைத்திருக்கிறார்கள்.

அடுக்கியவர் வை. கணபதி ஸ்தபதி. 1927ல் காரைக்குடிக்குப் பக்கத்தில் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். அப்பா வைத்தியநாத ஸ்தபதியும் அதே தொழில். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர்களின் வழிவந்த குடும்பம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தக் கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை யார் நிரூபிக்க முடியும்? தொழிலில் அப்படியொரு பெயரைப் பாரமாகச் சுமந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். கணபதி உளி பிடித்தது வீட்டில். பட்டம் வாங்கியது காரைக்குடி அழகப்பா கல்லூரியில், அதுவும் கணிதத்தில். பரம்பரைத் தொழில்காரருக்கு இந்தக் கணிதப் படிப்பு ஒட்டாத சேர்க்கை மாதிரித் தோன்றும். வள்ளுவரைப் பற்றிப் பேசும்போது அது எவ்வளவு ஒட்டியது என்று பார்க்கலாம்.

பழனி தண்டாயுதபாணி கோயிலில் ஸ்தபதியாகக் கொஞ்ச காலம் இருந்தார். மாமல்லபுரத்தில் 1957ல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்துக்கு அவருடைய அப்பாதான் முதல் தலைவர். 1960களின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு மகனிடம் வந்தது. 1988ல் ஓய்வு பெறும்வரை அவர் கையில்தான் இருந்தது. இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி என்று பட்டப்படிப்பு நடத்துகிற இடம் அது. இதில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. மகன் அப்பாவிடமும், சீடன் குருவின் பட்டறையிலும் கற்ற தொழில், வகுப்பறை, பாடத்திட்டம், தேர்வு என்று மாறியது. கற்பித்தவர் அரசுச் சம்பளத்தில் இருந்தார். அதனால் அவரிடம் வேலை சொன்னவர்களும் மாறினார்கள். முன்பு ஸ்தபதியிடம் வருபவர் ராஜா, அல்லது ஜமீன், அல்லது கோயில் கட்டப் பணம் வைத்திருக்கும் நகரத்தார். கணபதி ஸ்தபதியின் பெரிய வேலைகளுக்குச் சொந்தக்காரர் தமிழக அரசு. கோயில் தொழிலை வைத்துக் கடவுள் இல்லாத நினைவுச் சின்னங்கள் கட்டும் வேலை. கேட்டது பகுத்தறிவு பேசிய கட்சி, செய்தது ஆகமம் படித்த ஸ்தபதி. இரண்டு தரப்புக்கும் இதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படி முதலில் வந்தது பூம்புகார். 1973ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், ஏழு நிலை மாடம், உள்ளே கதையைச் சொல்லும் 49 புடைப்புச் சிற்பங்கள். அடுத்தது சென்னை வள்ளுவர் கோட்டம். திருவாரூர் ஆழித்தேரைக் கல்லில் நிறுத்தியது மாதிரி 128 அடி உயரத் தேர், பக்கத்தில் நாலாயிரம் பேர் உட்காரும் அரங்கம். 1976 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அதைத் திறந்துவைத்தபோது, கட்டச் சொன்ன கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அரசு தரும் வேலையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கல் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், வேலை கொடுத்தவரின் பதவி ஐந்து வருஷம் நிற்பதே உறுதியில்லை. கன்னியாகுமரியிலும் இதே கதைதான், இன்னும் நீளமாக.

1979ல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். அதோடு நின்றது. 1990ல் திமுக ஆட்சியில் வேலை தொடங்கியது. 1991 ஜனவரியில் அந்த ஆட்சியும் போனது. நடுவில் சில ஆண்டுகள் வேலை முடங்கிக் கிடந்து, 1996க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2000 ஜனவரி 1 அன்று கருணாநிதி திறந்துவைத்தார். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே இருபது வருஷம். தொடங்கும்போது அறுபதைத் தாண்டியிருந்த ஸ்தபதிக்கு முடியும்போது எழுபதும் தாண்டிவிட்டது.

ஸ்தபதியிடம் என்ன கேட்டார்கள் என்பதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். பெரும்பாலான சிற்பிகளுக்கு வெறும் கல்லும் ஒரு யோசனையும் கிடைக்கும். இவருக்கு எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. உயரம் 133 அடி, திருக்குறளின் அதிகாரங்கள் அத்தனை என்பதால். பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள் 38 என்பதால். பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரத்துக்கு 95 அடிச் சிலை. அறத்தின் மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன என்று பொருள் சொன்னார்கள். அழகான பொருள்தான், ஆனால் ஒரு சிலைக்கு எவ்வளவு உயரமான பீடம் பொருந்தும் என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் உரிமை சிற்பிக்கு இல்லாமல் போனது. முகமும் அப்படியே. வேணுகோபால் சர்மா வரைந்து 1964ல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட படத்துக்குப் பிறகு, தாடியும் கொண்டையும் இல்லாத வள்ளுவரைத் தமிழ்நாட்டில் யாரும் அடையாளம் காணமாட்டார்கள். இடமும் முடிவாகிவிட்டது: மூன்று பக்கம் கடல் மோதும் ஊரில் கரையைவிட்டு விலகிய ஒரு பாறை, பக்கத்திலேயே 1970ல் எழுந்த விவேகானந்தர் மண்டபம்.

எண், முகம், இடம் மூன்றும் கையில் கொடுத்தாயிற்று. மிச்சம் எது? எப்படி நிற்கவேண்டும் என்பதும், எதனால் நிற்கவேண்டும் என்பதும். அவர் இரண்டிலும் கடினமான வழியைத்தான் எடுத்தார்.

மிகப் பெரிய உருவங்களை நிறுத்த உலகத்தில் சில வழிகள்தான் உண்டு. மலையையே குடைந்து உருவத்தை வெளியே எடுக்கலாம். சிரவணபெளகொளாவில் 57 அடி பாகுபலி அப்படி வந்தவர், பாறை ஏற்கெனவே அங்கே நின்றது. இல்லையென்றால் உள்ளே எலும்புக்கூடு நிறுத்தி வெளியே தோல் போர்த்தலாம். நியூயார்க்கின் சுதந்திர தேவிக்கு உள்ளே இரும்புச் சட்டம், வெளியே செப்புத் தகடு. நர்மதைக் கரையில் ராம் சுதார் வடிவமைத்த 182 மீட்டர் பட்டேல் சிலைக்கு உள்ளே கான்கிரீட்டும் எஃகும், வெளியே வெண்கலம். இவற்றில் பாரம் தாங்குவது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. பொறியாளர் ஒருவர், சிற்பி ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி, வெட்டிய கற்களை அடுக்குவது. கம்போடியாவின் பாயோன் கோபுரங்களில் பார்க்கிற முகங்கள் அப்படி அடுக்கிய மணற்கற்கள்தான். ஆனால் அங்கே முகம் கோபுரத்தில் பதிந்திருக்கிறது. காலும் இடுப்பும் கையுமாக ஒரு முழு ஆள் தனியாக நிற்கவில்லை.

கணபதி ஸ்தபதி தேர்ந்தது இந்த மூன்றாவது வழி. கான்கிரீட் எலும்புக்கூடு கிடையாது. அவருக்குத் தெரிந்த உயரமான கல் கட்டுமானம் கோயில் விமானம்தான், அதையே எடுத்தார். தஞ்சை விமானம் உள்ளே வெறுமையாக, வெளியே படிப்படியாகக் கற்களை அடுக்கி எழும்பியது. வள்ளுவரும் உள்ளே வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தின் குறுக்கே கல் உத்திரங்கள் பரவி, சுவர்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. வெளியே தாடியும் சால்வையுமாகத் தெரிவது உள்ளிருந்து பார்த்தால் ஒரு கோபுரத்தின் சுவர். ஸ்தபதி என்ற சொல்லை நாம் சிற்பி என்பதற்கு மரியாதையான மாற்றுச்சொல்லாகப் பயன்படுத்திவிடுகிறோம். பழைய நூல்களில் அது கட்டடம் எழுப்பும் குழுவின் தலைவருக்கான பெயர், நிலைநிறுத்துபவர் என்று பொருள். அளவு நூல் பிடிப்பவர், வெட்டுபவர், வெட்டியதைச் சேர்ப்பவர் எல்லாரும் அவருக்குக் கீழே. இவருடைய வேலையை அந்தப் பழைய அர்த்தத்தில்தான் புரிந்துகொள்ள முடியும்.

கணக்கைப் பார்ப்போம். மொத்த எடை 7,000 டன். சிலை மட்டும் 2,500 டன், அதைச் சுற்றிக் கீழே எழும் அலங்கார மண்டபம் 1,500, பீடம் 3,000. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து 5,000 டன் கல், சிறுதாமூரிலிருந்து உயர்ந்த ரகமாக 2,000 டன். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் என்று மூன்று இடங்களில் பட்டறை. கற்களில் பெரியவை 8 டன் வரை. ஓர் உருவம் மூன்று ஊர்களில் துண்டு துண்டாக உருவாகி, கடைசியில் கடலைத் தாண்டிப் போய்ப் பாறைமேல் ஒன்றுசேர்ந்தது.

கல்லுளி வேலை தெரியாதவர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. சாதாரணமாக ஒரு சிற்பி மூக்கைச் செதுக்கும்போது முகம் முழுவதும் அவர் கண்முன் இருக்கும். சிலைக்கு அளவு சொல்லும் தாளமான இலக்கணத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டு அங்குலம். நெற்றிக்கு நாலு, மூக்குக்கு நாலு, மூக்கடியிலிருந்து மோவாய்வரை நாலு. இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை, அந்தந்தச் சிலைக்குரிய அளவு. வள்ளுவரின் முகம் 10 அடி. அப்படியானால் ஓர் அங்குலம் என்பது நம் ஸ்கேலில் 10 அங்குலம். இலக்கணப்படி மூக்கே மூன்றடிக்கு மேல் வரும். விரல்நுனியால் தடவிச் சரிபார்க்கிற தொழிலில், ஒருவர் தன் கைக்குக் கீழே இருப்பது மூக்கா கன்னமா என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். 95 அடியை 10 அடி முகத்தால் வகுத்தால் ஒன்பதரை வருகிறது, ஒன்பது முக உயரமான நவதாளத்துக்கும் பத்து முக உயரமான தசதாளத்துக்கும் நடுவே. தோள் அகலம் 30 அடி, கையிலிருக்கும் சுவடி 10 அடி. அழகப்பா கல்லூரிக் கணிதம் இங்கேதான் வேலைக்கு வந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அடுத்தது நிற்கும் விதம். நேராக, விறைப்பாக நிறுத்தியிருந்தால் பாதி சிக்கல் தீர்ந்திருக்கும். பாரம் தலையிலிருந்து நேரே காலுக்கு இறங்கும். கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுத்தாலும் வளைத்தாலும்தான் உடையும். ஆனால் இவர் வள்ளுவரின் இடுப்பை ஒரு பக்கம் ஒசிய வைத்தார். நடராஜர் செப்புச் சிலைகளில் நாம் பார்க்கும் நளினத்தின் சாயல் அது. உருவத்தின் உச்சியிலிருந்து கீழே விடும் நூலுக்கு, மூக்கு எவ்வளவு தள்ளி, தொப்புள் எவ்வளவு தள்ளி, குதிகால் எவ்வளவு தள்ளி என்று சிற்ப நூல்கள் விவரமாகச் சொல்கின்றன. உடல்நடுவே ஓடும் அந்தக் கோட்டுக்குக் காயமத்திய சூத்திரம் என்று பெயர். ஒன்றரை அடி உற்சவரில் அந்தக் கோடு அழகுக் கணக்கு. தப்பினால் சிலை கோணலாகத் தெரியும், அவ்வளவே. 2,500 டன்னில் அதே கோடு பாரத்தின் கணக்கு. தப்பினால் மேல் வரிசைக் கல் கீழ் வரிசையின் விளிம்பில் போய் உட்காரும். அதனால்தான் முதலில் மரத்தில் மாதிரி செய்து இந்தக் கோட்டைச் சோதித்துக்கொண்டார்கள். அழகுக்காகச் சொன்ன இலக்கணம் நிலைப்புக்கும் உதவும் என்று பந்தயம் கட்டிய மாதிரிதான் இது.

கைகளையும் பாருங்கள். வலது கை உயர்ந்து, அறம் பொருள் இன்பம் என்று மூன்று விரல்களைக் காட்டுகிறது. இடது கையில் ஓலைச்சுவடி. இரண்டும் உடம்பை ஒட்டியே மடங்குகின்றன. எங்கோ தொலைவைச் சுட்டி நீட்டிய கை கிடையாது. கரையிலிருந்து பார்க்கும்போது உருவம் சற்று அடக்கமாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். வெண்கலமாக இருந்தால் கை வீசி நிற்கலாம், அடுக்கிய கல்லுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இருக்கிற சுதந்திரம் முழுவதையும் ஸ்தபதி இடுப்பில் செலவழித்துவிட்டார் என்பேன்.

ஏற்றியது எப்படி என்பதற்குப் பதில் ரொம்பப் பழசு. பனைமரமும் சவுக்கும் கட்டிய சாரம், அதில் நூற்றைம்பது பேருக்கு மேல். கோயில் கும்பாபிஷேக வேலை நடக்கும்போது கோபுரத்தை மறைத்துக்கொண்டு நிற்குமே, அதே சாரம்தான், கடல்காற்றில். சாரம் பிரியும்வரை சிலை யார் கண்ணுக்கும் முழுசாகத் தெரியாது. ஸ்தபதிக்குமே அப்படித்தான்.

திறந்து ஐந்தாவது வருஷம் முடிவதற்குள், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அலை பாறையில் மோதிப் பீடத்துக்கு மேலே எழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அற்புதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 3,000 டன் பீடம் கெட்டியான பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் இன்னொரு 4,000 டன் அழுத்துகிறது. அலை தள்ளுவதற்கு இது லேசான பொருள் இல்லை. அடித்தளம் சரியாகப் போட்டார்கள் என்று சொன்னால் போதும். ஸ்தபதிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

அவருடைய எல்லா நம்பிக்கைகளையும் இதே மரியாதையுடன் ஏற்க எனக்கு முடியவில்லை. ஓய்வுக்குப் பிறகு வாஸ்து வேத ஆராய்ச்சி அறக்கட்டளை என்று நிறுவி, மாமுனி மயன்தான் இந்தியக் கட்டடக்கலையின் மூலவர் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1990களில் மெக்சிகோ பக்கம் போய் மாயன் பிரமிடுகளை அளந்துவிட்டு, அந்த மாயனும் இந்த மயனும் ஒன்றே என்றார். மயனுடையது என்று அவர் வெளிக்கொண்டுவந்த ஐந்திறம் என்ற நூலின் பழமையும் ஐயத்துக்குரியது. பெயர் ஒலி ஒத்துப்போவதை வைத்து இரண்டு நாகரிகங்களை இணைப்பது வரலாறு ஆகாது. படிநிலையாக எழும்பும் கோபுரத்தை எகிப்து, மெசப்பொத்தேமியா, மெக்சிகோ என்று தனித்தனியாகவே பல பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள், கல்லை உயரமாக அடுக்கினால் அந்த வடிவம்தான் நிற்கும். இதைத் தன் கையால் அடுக்கிப் பார்த்த ஸ்தபதியே கவனிக்காமல் விட்டது ஆச்சரியம். ஆனாலும் பட்டறையில் வாய்மொழியாக இருந்ததை எழுத்தில் கொண்டுவந்தது அவர் செய்த பெரிய காரியம். அளவுகளைப் பற்றி அவர் எழுதியதை வைத்துக்கொண்டு, பிரபஞ்சத்தைப் பற்றி எழுதியதைத் தள்ளிவைக்கலாம்.

வெளிநாட்டு வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹவாயின் கவாய் தீவில் சைவ மடம் ஒன்றுக்காக அவர் வடிவமைத்த இறைவன் கோயில். பெங்களூர்ப் பக்கம் பட்டறை போட்டு, மின்கருவி தொடாமல் கையாலேயே கருங்கல்லைச் செதுக்கி, கப்பலில் அனுப்பி அங்கே அடுக்கினார்கள். ஓரிடத்தில் வெட்டி, கடல் தாண்டி, இன்னோரிடத்தில் சேர்ப்பது. வள்ளுவரின் அதே வழி, தூரம்தான் வேறு. அதன் கும்பாபிஷேகம் 2023ல் நடந்தது. ஸ்தபதி பார்க்கவில்லை. 2009ல் பத்மபூஷண் பெற்று, 2011ல் காலமாகியிருந்தார்.

பாறைக்குப் போக இப்போது வழி மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கடல் உள்வாங்கினால், அலை அதிகமானால், விவேகானந்தர் பாறையோடு படகு திரும்பிவிடும். வள்ளுவரை எதிரே பார்த்துக்கொண்டு போக முடியாமல் நிற்கவேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். கூடவே வெள்ளி விழா, பேரறிவுச் சிலை என்று புதுப் பெயர். பாலத்தில் கூட்டம் காலுக்குக் கீழே தெரியும் கடலைப் படம்பிடிக்கிறது.

உப்புக்காற்றுக்கு மட்டும் விழா நாள் கிடையாது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சாரம் கட்டுவார்கள். முதலில் சிலையைக் கழுவுவார்கள். பிறகு கற்களின் இடுக்குகளில் சுண்ணாம்பு, செங்கல்பொடி, கருப்பட்டி, கடுக்காய் சேர்த்த கலவையைத் திணித்து அடைப்பார்கள். அதன்பின் காகிதக் கூழைக் கரைத்து, கொண்டையிலிருந்து கால்விரல்வரை அப்பிவிடுவார்கள். கல்லுக்குள் இறங்கிய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நாட்களில் போனால் வள்ளுவர் சாயம் போன சாம்பல் நிறத்தில், முகம் மூடி நிற்பார். காய்ந்த கூழை உரித்துக் கழுவிவிட்டு மேலே ரசாயனப் பூச்சு ஒன்று கொடுத்ததும், கற்களின் கோடுகள் மறுபடி வெளியே வரும்.